ஆண்டவர் கேட்காத காணிக்கை

எட்டு வயதில் என் மகனை நீலகிரி மலையில் ஒரு பள்ளி விடுதியில் விட்டுவிட்டு, நானும் என் கணவரும் மலாவிக்குத் திரும்பினோம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் ஏரியை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் அந்த நாட்டில், ஒரு சபை மருத்துவமனையில் நான் டாக்டராக இருந்தேன். ஆண்டவர் கேட்டார், பிள்ளையைக் கொடுத்தோம் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். ஆண்டவர் கேட்கவில்லை. எனக்கு அந்த மருத்துவமனை வேண்டியிருந்தது. அதை விடாமல் வைத்துக்கொள்ள அவர் பெயரைச் சொன்னேன்.

இதை எழுதலாமா என்று மகனிடம் கேட்டேன். அவனுக்கு இப்போது முப்பது வயதாகிறது. "பேரைப் போடாதீங்க. ஸ்கூல் மேலயும் வார்டன் மேலயும் பழி போடாதீங்க, அவங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. மத்தபடி நடந்ததை எழுதுங்க" என்றான். அவன் சொன்னது நியாயம். அந்தப் பள்ளியில் யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. குற்றம் பெற்றவளிடம்தான் இருந்தது.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள் எங்கள் ஆச்சி. அது மிஷனரிகளுக்கு. டப்பா நிறைந்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். அசரியா முதலானவர்கள் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிய மண் அது. நமக்கு ஆள் அனுப்பினார்கள், இனி நாமும் அனுப்பவேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் சிறுவயதிலேயே ஊறியிருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் பெரியவளானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: மிஷனரி டாக்டர். கேட்டவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். அந்தக் கை தலையில் படுவது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

சபையின் ஸ்பான்சரில் வேலூரில் மருத்துவம் படித்தேன். அங்கே சேர்கிற யாருக்கும் அந்தக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதை முதல் வாரத்திலேயே சொல்லப்பட்டுவிடும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு அந்த இளம்பெண்ணை அழைத்ததும், ஆண் டாக்டரான அவள் அப்பாவை வேண்டாம் என்று மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும், அவள் டாக்டராக முடிவெடுத்ததும். அந்தக் கதை என்னை உருவாக்கியது. அதே ஐடாவைச் சிறுமியாக இருந்தபோது அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியதும், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று அவள் வெறுத்திருந்ததும் அதே வாழ்க்கை வரலாற்றில் உண்டு. அதையும் நான் படித்திருந்தேன். அது என் மனதில் தங்கவில்லை.

1999-இல் மலாவிக்குப் போனோம். மகனுக்கு நாலு வயது. என் கணவர் இன்ஜினியர். மருத்துவமனையின் ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், கட்டடம், கணக்கு எல்லாம் அவர் தலையில். நான் ஒருத்திதான் டாக்டர். எனக்குத் துணையாகக் கிளினிக்கல் ஆபீசர்கள் சிலர் இருந்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாமல், தனிப் பயிற்சி பெற்று, அறுவை சிகிச்சைவரை செய்யும் ஊழியர்கள் அவர்கள். அந்த நாட்டின் மருத்துவத்தைத் தாங்குவதே அவர்கள்தான்.

அங்கே இருந்த தேவை பொய்யில்லை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலாவியில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 1,120 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டு நாள் வலியோடு மாட்டுவண்டியிலும் சைக்கிள் கேரியரிலும் வந்து சேர்வார்கள். மழைக்காலம் தொடங்கினால் மலேரியா. மூன்று கிராம் ஹீமோகுளோபினோடு வெளுத்துப்போன குழந்தைகள் மூச்சுவாங்கக் கிடக்கும். வராந்தாவில் நிற்கும் மாமனையோ சித்தப்பனையோ கூப்பிட்டு, ரத்தம் பார்த்து, அங்கேயே எடுத்து ஏற்றுவோம். சில மணி நேரத்தில் அந்தக் குழந்தை உதடு சிவந்து எழுந்து உட்காரும். எய்ட்ஸ் நோயாளிகள் ஒரு கட்டிலில் ஒருவர், கட்டிலுக்கடியில் ஒருவர் என்று கிடந்தார்கள். 2004-இல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கும்வரை அவர்களுக்கு நான் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். 2002-இல் பஞ்சம் வந்தது. பச்சைச் சோளத்தையும் தவிட்டையும் தின்று கால் வீங்கிய பிள்ளைகளால் வார்டு நிரம்பியது.

இவ்வளவையும் சொல்வது என் நியாயத்துக்காக இல்லை. அந்த வேலை எனக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்ல வேண்டும். மலாவிப் பெண்கள் நன்றி சொல்லும்போது முழங்காலிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, "ஸிகோமோ" என்பார்கள். ஒரு சிசேரியன் முடிந்து வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு குடும்பமே எனக்கு முன்னால் முழங்காலில் நிற்கும். வீட்டுக்குப் போனால் ஒரு பிள்ளை, சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டு, பேன்ட் பட்டன் போட்டுவிடச் சொல்லி, கேட்ட கதையையே திரும்பக் கேட்டுக்கொண்டு இருந்தான். அவன் முழங்காலிட்டு நன்றி சொல்லப் போவதில்லை. வார்டில் நான் பொறுமைசாலி. வீட்டில் கால் மணி நேரத்தில் எரிந்து விழுவேன். இரவில் வாட்ச்மேன் வந்து ஜன்னலைத் தட்டினால், சோர்வு இருந்தாலும் உள்ளே ஒரு சந்தோஷம் எழும். இப்போது கிளம்பிவிடலாம் என்ற சந்தோஷம். அதைச் சேவை மனப்பான்மை என்று நினைத்தேன்.

பள்ளிப் பிரச்சினை வந்தது. மலாவியில் 1994-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கிய பிறகு பிள்ளைகள் வந்து குவிந்துவிட்டார்கள். எங்கள் கிராமத்துப் பள்ளியில் ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல், மரத்தடியில். தலைநகர் லிலோங்வேயில் இருந்த சர்வதேசப் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாது. ஊழியக்காரர் பிள்ளைகளுக்குச் சலுகை தரும் நீலகிரிப் பள்ளி இருக்கிறது, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று முடிவுசெய்தோம். வேறு வழியே இல்லை என்று ஊரில் எல்லாரிடமும் சொன்னேன்.

வழி இருந்தது. ஒன்றல்ல, மூன்று இருந்தன. என் கணவர் வீட்டிலேயே அவனுக்கு நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து வருஷம் அதையே தொடரலாம் என்றார். பாளையங்கோட்டையில் என் அக்கா, "எங்க வீட்டுல விடு, எம் பிள்ளைகளோட சேர்ந்து ஸ்கூலுக்குப் போவான்" என்று போனில் அழுதாள். அவளிடம் விட்டால் 'பெற்றவள் பார்க்கமாட்டாமல் அக்காவிடம் தள்ளிவிட்டாள்' என்று பேச்சு வரும். விடுதியில் விட்டால் தியாகம் என்பார்கள். இது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வழி, நாங்கள் ஊருக்குத் திரும்பி வருவது. அதை நான் வாயெடுத்துப் பேசவே விடவில்லை.

மகனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது: பால் பிராண்ட். நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் தம்பதிக்கு 1914-இல் பிறந்தவர். மலையில் மரமேறித் திரிந்த பையனை ஒன்பது வயதில், 1923-இல், தங்கையோடு இங்கிலாந்தில் அம்மாவின் சகோதரிகளிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பையன் வளர்ந்து பெரிய சர்ஜன் ஆனார். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மறுபடியும் இட்லியைப் பிட்டுச் சாப்பிட வைத்தார். "பாரு, அவரும் உன்ன மாதிரிதான் அப்பா அம்மாவை விட்டுட்டுப் போனார். ஆண்டவர் அவரை எவ்வளவு பெருசா எடுத்துப் பயன்படுத்தினார்!" என்று விமானத்தில் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சொல்லாமல் விட்ட பகுதி இது. 1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். 1923-இல் பிரிந்த அப்பாவைப் பால் அதன்பிறகு பார்க்கவே இல்லை. மரணச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

மலாவி மண்ணிலேயே இன்னொரு கதையும் உண்டு. அந்த நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்றான பிளான்டயருக்கு மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயர். வடக்கே லிவிங்ஸ்டோனியா என்று அவர் பெயரிலேயே ஒரு மிஷன். அவரும் டாக்டர். 1852-இல் மனைவி மேரியையும் பிள்ளைகளையும் பிரிட்டனுக்குக் கப்பலேற்றிவிட்டு அவர் ஆப்பிரிக்காவின் உள்ளே போனார். மேரி அங்கே பணமில்லாமல் வீடுவீடாக அலைந்தார். பின்னால் கணவனைத் தேடி வந்து, 1862-இல் ஸம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்தார். மூத்த மகன் ராபர்ட் அமெரிக்கா போய், அப்பா பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்று வேறு பெயரில் உள்நாட்டுப் போரில் சேர்ந்து, 1864-இல் பதினெட்டு வயதில் கைதி முகாமில் செத்துப்போனான். பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்காமல் போனேனே என்று லிவிங்ஸ்டன் பின்னாளில் வருந்தி எழுதினார். எங்கள் மருத்துவமனை விருந்தினர் இல்லத்து அலமாரியில் இருந்த பழைய புத்தகத்தில் இதைப் படித்தேன். படித்துவிட்டு மூடி வைத்தேன். அந்த வாரமே விடுதிக்குப் பணம் அனுப்பினேன்.

வேதத்தையும் அப்படித்தான் பொறுக்கினேன். மகனை விடப்போகிற ஞாயிறு, ஊரில் எங்கள் சபையில் அன்னாளைப் பற்றிச் சாட்சி சொன்னேன். பால் மறந்த பிள்ளை சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள், வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப்போனாள் என்று நான் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். விடுதி விதிப்படி அவன் துணிகளில் எல்லாம் பெயர்த் துணுக்கு தைக்க வேண்டியிருந்தது. நானும் அன்னாளைப் போலத் தைத்தேன் என்றேன். அன்னாள் பொருத்தனை பண்ணியிருந்தாள். நான் எந்தப் பொருத்தனையும் பண்ணவில்லை. அதே சாமுவேலை வளர்த்த ஏலி, ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு தன் மகன்களைக் கவனிக்காமல் விட்டதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. சாமுவேலின் மகன்களே பின்னால் லஞ்சம் வாங்கினார்கள். இவற்றை வைத்து யாரும் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் போன முதல் பருவத்திலேயே வார்டனிடமிருந்து கடிதம் வந்தது. "டாக்டரம்மாவுக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, பையன் நன்றாகச் சாப்பிடுகிறான், பாட்டில் முதல் பரிசு வாங்கினான் என்று எழுதிவிட்டு, கடைசியில், ராத்திரியில் படுக்கையை நனைத்துவிடுகிறான், முன்பே உண்டா என்று கேட்டிருந்தார். முன்பு இல்லை. மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் அது.

நான் டாக்டர். நின்றுபோனது எட்டு வயதில் மறுபடி தொடங்கினால் என்ன பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா. அவை இல்லை என்றால், பிள்ளை எதை இழந்திருக்கிறது என்று கேட்கவேண்டும். எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அப்படிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் மலாவித் தாய்மாரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிச்சேவா மொழியில் கேட்டிருக்கிறேன்: வீட்டில் யாராவது இறந்தார்களா? இவன் யாரையாவது பிரிந்திருக்கிறானா? என் மகனைப் பற்றிய கடிதத்துக்கு நான் எழுதிய பதில் இது: சிறுநீரும் சர்க்கரையும் பார்க்கவும், மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீர் கொடுக்கவேண்டாம், பத்து மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கூட்டிப்போகவும், நாங்கள் ஜெபிக்கிறோம். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அத்தோடு அந்த விஷயத்தை மூடினேன். என் கணவரிடம் இரண்டாவது கடிதத்தைக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் அவர் மறுநாளே டிக்கெட் எடுத்திருப்பார்.

விடிவதற்குமுன் எழுந்து, மற்றப் பையன்கள் பார்ப்பதற்குள் விரிப்பைத் தானே அலசிப் போடுவான் என்று பின்னால் தெரிந்தது. ஊட்டிக் குளிரில், அந்தத் தண்ணீரில். ஆறு மணிக்குமேல் தாகம் எடுத்தால் கேட்க வெட்கப்பட்டுப் படுத்துவிடுவானாம்.

மலாவி மருத்துவமனைகளில் நோயாளி தனியாக வருவதில்லை. கூடவே ஒரு 'கார்டியன்' வரவேண்டும்: அம்மாவோ, அக்காவோ, ஆச்சியோ. அவர்தான் ன்சிமா என்ற சோளக்களியைக் கிண்டிக் கொடுப்பார், குளிப்பாட்டுவார், சித்தேன்ஜே துணியை விரித்துக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வார். சமைத்துத் தங்க வளாகத்துக்குள் அவர்களுக்குத் தனிக் கொட்டகையே உண்டு. அட்மிஷன் எழுதும்போது பெயர், வயது, ஊர் கேட்டவுடன் அடுத்த கேள்வி, உன் கார்டியன் யார் என்பதுதான். பன்னிரண்டு வயதில் மகனுக்கு டைபாய்டு வந்து பள்ளியின் நோயறையில் கிடந்தான். அங்கிருந்து மெயில் வந்த அன்று எங்கள் மூத்த கிளினிக்கல் ஆபீசரிடம் சொன்னேன். அவர் இயல்பாகக் கேட்டார்: "அவனுக்குக் கார்டியன் யார், டாக்டர்?" நர்ஸ் இருக்கிறார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நர்ஸ் சரி. கார்டியன் யார்?" என்று மறுபடி கேட்டார். அவரைத் தாண்டி நான் வார்டுக்குள் போய்விட்டேன்.

இன்னொன்றும் என் கண்முன் நடந்தது. பஞ்சத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில், ஊட்டம் குறைந்த பிள்ளைகளை வாரக்கணக்கில் வார்டில் வைத்துப் பால் கொடுப்பதற்குப் பதிலாக, வேர்க்கடலையும் பால்பொடியும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து அரைத்த விழுதைத் தாயிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் முறை மலாவியில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. சிபொண்டே என்பார்கள். வார்டில் இருந்த பிள்ளைகளைவிட வீட்டுக்குப் போன பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். நானே கையெழுத்துப் போட்டு எத்தனையோ பிள்ளைகளைத் தாயோடு வீட்டுக்கு அனுப்பினேன். பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருப்பதுதான் மருந்தில் பாதி என்று நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுத்தேன். வகுப்பு முடிந்து வந்து மகனுக்குக் கடிதம் எழுதினேன்.

போனில் பேசும்போது நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று இன்று நினைக்கிறேன். அழைப்புக்குக் காசு அதிகம், லைன் விட்டுவிட்டு வரும். படிப்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பேன். அவன் பதில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "அம்மா, இங்க..." என்று தொடங்குவான். அந்தக் குரல் எனக்குப் பயம். "லைன் போயிரும் கண்ணு, ஜெபம் பண்ணிடலாமா?" என்பேன். உருக்கமாகத்தான் ஜெபிப்பேன். அவன் ஆமென் சொல்லவேண்டும். சொன்னதும் வைத்துவிடலாம். சில மாதங்களில் அவன் "அம்மா, இங்க" என்று தொடங்குவதை விட்டுவிட்டான். படிப்பு, சாப்பாடு, ஆமென். பிள்ளை விசுவாசத்தில் வளர்ந்துவிட்டான் என்று சபைக்கு எழுதும் ஜெபக் கடிதத்தில் எழுதினேன். ஆண்டவரிடம் போகும் வாசலாக இருக்கவேண்டிய ஒன்றை, பிள்ளை என்னிடம் வரும் வாசலை அடைக்கப் பயன்படுத்தினேன். அவன் இன்று கோயிலுக்குப் போவதில்லை. அதற்காக என்னிடம் வாதாடவும் மாட்டான். யாராவது கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினால் அவன் முகம் இறுகுவதை நான் பார்த்திருக்கிறேன்.

விடுமுறைக்கு மலாவி வருவான். வந்த முதல் வருஷம் ஓடித் திரிந்தான். பிறகு வரவர விருந்தாளிபோல் ஆகிவிட்டான். தட்டைத் தானே கழுவி வைப்பான், கேட்டுத்தான் பிரிட்ஜைத் திறப்பான். அவ்வளவு ஒழுங்கு என்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

2005-இல் என் கணவர், "ஊருக்குப் போயிரலாமா? மாத்திரையும் வந்திருச்சு, ஆட்களும் வந்திருக்காங்க. அவன் கூட ஒரு நாலு வருஷமாவது இருப்போம்" என்றார். ஜெபித்துப் பார்ப்போம் என்றேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். அந்த மூன்று நாளும் நான் ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை. நான் முன்பே எடுத்திருந்த முடிவுக்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், இருக்கும்படி வார்த்தை கிடைத்தது என்று சொன்னேன். அதற்குமேல் அவர் என்ன பேசுவார்? என்னோடு சண்டை போடுகிறவர் ஆண்டவரோடு சண்டை போடுகிறவர் ஆகிவிடும்படி நான் செய்துவைத்திருந்தேன். அவர் எழுந்து ஜெனரேட்டர் ரூமுக்குப் போனார். மகனிடம் செய்த பிழைக்குச் சமமான பிழை இது. இதை அவரிடம் ஒப்புக்கொள்ள இன்னும் நீண்ட காலம் பிடித்தது.

நான் போனால் பெண்கள் செத்துப்போவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். 2007-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளில் பேறுகாலப் பெரிய அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் கிளினிக்கல் ஆபீசர்கள். டாக்டர்கள் செய்தவற்றோடு ஒப்பிட்டால் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. அது எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. கிழிந்த கர்ப்பப்பையை அவசரத்தில் தைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே, கார்டியன் யார் என்று கேட்ட அந்த மனிதர்தான். மாலை ஐந்து மணிக்கு, அவசரம் ஒன்றும் இல்லையென்றால், தன் ஐந்து பிள்ளைகளோடு சாப்பிட வீட்டுக்குப் போவார். அவருக்கு அர்ப்பணிப்புப் போதாது என்று நான் மனதுக்குள் குறைபட்டிருக்கிறேன்.

அங்கே நான் காப்பாற்றியவர்கள் உண்டு. அதை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அவர்களைக் காட்டி இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. அவர்களுக்குக் கொடுத்தது என் வேலை. எடுத்துக் கொடுத்தது அவனுடைய பிள்ளைப்பருவம். அது என் சொத்து இல்லை.

2013-இல் ஊருக்கு வந்துவிட்டோம். அதற்குள் அவன் கல்லூரியில். என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தாத சபை எங்கள் பக்கம் குறைவு. மிஷனரிப் பண்டிகை ஒன்றில் ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்து, "உங்க சாட்சியைக் கேட்டுத்தான் நாங்களும் புறப்படுறோம், பிள்ளையை எப்ப ஹாஸ்டல்ல விடலாம்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. அன்று இரவுதான் என் கணவரிடம் அந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவன்கிட்ட சொன்னியா?"

சொன்னேன். முதல் தடவை தவறாகச் சொன்னேன். அழுதேன், ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இப்பவும் நீங்கதான் பேசுறீங்க, நான் ஆமென் சொல்லணும்" என்றான். நான் மறுத்துப் பேசவில்லை.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு. ஞாயிறு மாலை அவன் போன் செய்வான். அவன் பேசுவான், கேட்பான். கேட்டதற்கு மட்டும் நான் உண்மையைச் சொல்லவேண்டும், வசனம் கூடாது. எல்லா ஞாயிறும் வரமாட்டான். வந்தபோது சொன்னவற்றில் பெரும்பகுதி அவனுடையது, அதை இங்கே எழுதமாட்டேன். ஒன்றை எழுதச் சொன்னான். "வார்டன் லெட்டர் வந்த அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான். சொன்னேன். காலையில் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுத் தபாலைப் பிரித்தேன். படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குமுன் பதிலை எழுதி மேசையில் வைத்தேன். ஒரு சிசேரியனுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். ஆண் குழந்தை, நன்றாக அழுதது. சாயங்காலம் பதிலைத் தபாலில் சேர்த்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

"தூங்கினீங்களா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன்.

"சரி. இதைத்தான் எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு" என்றான். அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட்டு, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். ஒரு மணி நேரம் அவர்கள் பேசினார்கள். நான் அடுக்களையில் இருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.